ஒரு விரலுக்கு இரண்டு ஒலி

இசைக் கீபோர்டை மிடி கேபிளால் கணினியோடு இணைத்ததிலிருந்து, ஜெசிந்தா ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ஒலி கேட்டது. ஒன்று உடனே, இன்னொன்று இமைப்பொழுது தள்ளி. அதில் வாசிப்பு தடுமாறியது. அவள் மெட்டமைத்த முதல் பாட்டு மாலைக்குள் நாடகக் குழுவுக்குப் போயாக வேண்டும்.

"பின்னால யாரோ ஒக்காந்து வாசிக்கிறாங்கடி," என்றாள் அக்கா பிலோமினா. "உன்னவிட நல்லாவே வாசிக்கிறாங்க."

ஜெசிந்தா கேபிளைப் பிடுங்கினாள். ஒரே ஒலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கேபிளில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற சேதிதான் போகிறது. அழுத்தியதும் கீபோர்டு தானே ஒலிக்கிறது. கணினி அதே சேதியைத் திருப்பி அனுப்ப, மறுபடியும் ஒலிக்கிறது.

"யாருமில்லக்கா. ரெண்டும் நான்தான்!"

கேபிளை மறுபடி மாட்டிவிட்டு, கீபோர்டைத் தானாக ஒலிக்கவைக்கும் 'லோக்கல் கன்ட்ரோல்' என்ற அமைப்பை அணைத்தாள். இனி கணினி சொன்னால் மட்டுமே அது ஒலிக்கும்.