அப்பாவின் பெயரில் ஒரு பூ

மலைநாட்டுப் புல்வெளியில் வினோஜா கண்டெடுத்த ஊதாப் பூவைப் புதிய இனம் என்று ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அது கேட்ட ஒரேயொரு கேள்விக்கு மட்டும் அவள் இன்னும் பதில் அனுப்பவில்லை.

உரும்பிராய் வீட்டு விறாந்தையில் அண்ணன் கேதீஸ்வரன் விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"பூவுக்கு உன்ரை பேரையே வைச்சிருக்கலாமே, பிள்ளை?"

"அப்பிடி வைக்கிற வழக்கமில்லை, அண்ணை. செத்துப்போன அப்பான்ரை பேரை வைச்சிருக்கிறன்."

"அந்த மனுசன் மலையைக் கண்ணாலையும் காணேல்லை!" என்று சிரித்தவன், அவளருகே தாளில் ஒட்டியிருந்த காய்ந்த செடியை எட்டிப் பார்த்தான். "உதை ஏன் வேரோடை பிடுங்கினனி?"

"வேர், தண்டு, இலை, பூ எல்லாத்தையும் பாத்துத்தான் விவரம் எழுதலாம்."

"அதுசரி, விதைக்கு எத்தினை விட்டனி?"

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து திரையில் நின்ற கேள்வியும் அதுதான்: 'அங்கே இப்போது எத்தனை செடிகள் உள்ளன?'

மூன்று தடவை திரும்பிப் போய்ப் புல்வெளி முழுவதும் தேடிவிட்டாள். சுழியத்தைத் தட்டி அனுப்பினாள்.

"என்னவோ, அப்பான்ரை பேர் இனி அழியாது" என்றபடி அண்ணன் அடுத்த பிடியைக் கட்டினான்.