கறுப்பு அங்கியில் யசீத்

பிரான்சின் மார்செய் நகரின் வடக்குக் குடியிருப்பில், மாலை வெயில் வாசல் படிகளில் சாய்வாக விழுகிறது. இன்னும் பத்து நிமிடத்தில் அது போய்விடும். வழக்கறிஞரின் கறுப்பு அங்கியோடு யசீத் படியில் நிற்கிறான். இது அவன் இயக்கும் முதல் படம், நாயகனும் அவன்தான். அவன் பிறந்து வளர்ந்த கட்டடத்தின் பால்கனிகள் எல்லாம் பெண்களால் நிறைந்திருக்கின்றன. எந்த வீட்டிலோ மிளகாய் வதங்குகிறது. அல்ஜீரியப் பெயர் கொண்டவனுக்கு இருபது வருடமாகக் கிடைத்ததெல்லாம் திருடன் வேஷமும் கடத்தல்காரன் வேஷமும்தான். இந்தக் கதையை அவனே எழுதினான். அங்கியையும் தன் அளவுக்கே தைக்கச் சொன்னான்.

"கேமரா ஓடுது" என்கிறாள் ஒளிப்பதிவாளர் லூசி. அந்த நேரம் பார்த்து, செருப்பு சரசரக்க அவன் அம்மா தஸ்ஸாதித் காட்சிக்குள் நடந்து வருகிறாள். உதவி இயக்குநர் தலையில் கை வைக்கிறான். நிறுத்தாதே என்று யசீத் ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறான்.

"பதினோரு படத்துல விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனாங்க. ஒண்ணையும் நான் முழுசாப் பாக்கல. இதுலயாவது ஒழுங்கா நில்லுடா" என்று அவன் வெள்ளைக் கழுத்துப்பட்டையை இழுத்து நேராக்குகிறாள். பிறகுதான் கேமராவைப் பார்க்கிறாள். "நான் போகணுமா?"

"வேணாம்மா. அங்கயே நில்லு."

வெயில் அவர்கள் இருவர் முகத்திலும் இருக்கிறது. யசீத் அம்மாவைப் பார்த்தே வசனத்தைச் சொல்கிறான்: "இவர்கள் சார்பில் நான் பேசுகிறேன்."

"பேசேன்டா," என்கிறாள் தஸ்ஸாதித், "யாரு வேணாங்கறா?"