அழுகுணி

அந்த அம்மா கைப்பட்டையை என் மேசைமேல் விட்டெறிந்தார். அது வழுக்கிக்கொண்டு போய் கீபோர்டில் இடித்து நின்றது.

உட்காரச் சொன்னேன். உட்கார வரவில்லை என்றார்.

அவருடைய கணவர் மட்டும் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில், பரீட்சை எழுத வந்தவர்போல்.

அவர்களுடைய மகளுக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம், குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

அப்போதும் அவள் கையில் இந்தப் பட்டை இருந்தது.

பட்டை நாங்கள் செய்தது. வலிப்பு தொடங்கும்போதே கண்டுபிடித்து, வீட்டிலிருக்கிற ஒருவருடைய போனில் மணியடிக்க வேண்டும். அதற்குள் ஓடும் கணக்கை எழுதியவள் நான். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மூன்று வருடமும் அதற்கே போனது.

அந்த அம்மா திட்டினார். எங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, பட்டப்பகலில் இத்தனை லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்றார். நீ படித்த படிப்பில் மண் விழ என்றார். அன்றைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கக் கூடாதா, இந்த மிஷினை நம்பிப் போனேனே என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

எனக்கும் கத்த வேண்டும்போல் இருந்தது. அவரைப் பார்த்து அல்ல. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கண்ணைக் கம்ப்யூட்டரிலும் காதை எங்களிடமும் வைத்திருந்த பேராசிரியரைப் பார்த்து.

ஆறு மாதமாகத் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லியிருந்தேன். பல் தேய்த்தால் மணி அடிக்கிறது. கை தட்டினால் அடிக்கிறது. துணி துவைத்தால் அடிக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை. ஆய்வுக்கூடத்தில் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயரே அழுகுணி.

வீடுகளில் கொடுத்திருப்பதையெல்லாம் திரும்ப வாங்குவோம், சரிசெய்துவிட்டுக் கொடுப்போம் என்றேன். அடிக்காமல் விடுவதைவிட அதிகமாக அடிப்பதே மேல் என்றார் அவர். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று ஒரு பழமொழி வேறு. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது. அது அடித்ததா இல்லையா, அதை மட்டும் சொல், போய்விடுகிறேன் என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கலம்மா," என்றேன். "தப்பு எங்களோடது."

கன்னத்தில் விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய் எங்கேயோ விழுந்தது. இன்னொன்று விழுந்திருந்தாலும் நின்றிருப்பேன்.

அந்த அம்மா தன் கையையே ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கணவர் பின்னாலேயே போனார்.

அடுத்த நிமிடம் பேராசிரியர் என் முன்னால் நின்றார். எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது என்று பல்லைக் கடித்தார். பட்டையின் பதிவைக் காலையிலேயே அச்செடுத்துக் கொடுத்தாரே, அதைக் காட்டி அனுப்புவதற்கு என்ன கேடு என்றார். நான் இப்போது சொன்ன ஒரு வார்த்தை வெளியே போனால் சோதனையையே நிறுத்திவிடுவார்கள் என்றார்.

நிறுத்தட்டும் என்றேன். கத்தித்தான் சொன்னேன். மூன்று வருடத்தில் அவர் முகத்துக்கு நேராக நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கண்ணாடி இல்லாததால் அந்த முகம் சரியாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

கண்ணாடிக் கதவு அதிரச் சாத்திக்கொண்டு அவர் உள்ளே போனார்.

வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. அந்தக் கணவர். மகளின் பட்டையை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போகவில்லை.

"எத்தனை செகண்ட் அடிச்சுதுன்னு அதுல பதிவாகியிருக்குமா?"

ஒன்பது என்றேன்.

தலையாட்டினார்.

அன்றைக்குக் காலையிலிருந்து அது இருபத்து மூன்றாவது மணி. முந்தைய இருபத்திரண்டுக்கும் எழுந்து ஓடியிருக்கிறார். குளிக்கக்கூட விட மாட்டீர்களா என்று அவள் கோபித்துக்கொண்டுதான் உள்ளே போனாளாம். இருபத்து மூன்றாவது அடித்தபோது போனில் விரலை வைத்து அணைத்திருக்கிறார்.

படிக்கட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. தனியாக இறங்க முடியவில்லை, வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றது.

அவர் வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, இடது கையை நீட்டியபடி இறங்கிப் போனார்.