பதிலுக்கு ஆள்

இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகுதான், அந்தக் கம்பெனியைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத்திலிருந்து விலகச் செங்கமலத்துக்கு மனம் வந்தது. அங்கே ஆள் எடுப்பது, ஒப்பந்தம் போடுவது எல்லாம் ஒரு மென்பொருள்தான். மேனேஜரிடம் சொன்னபோது, "என்னையே அதுதான்க்கா வேலைக்கு வெச்சிருக்கு" என்று கையை விரித்துவிட்டார். அதனால் போனில் மென்பொருளிடமே சொன்னாள்.

"தாராளமாக விலகலாம். உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டோம்" என்றது அது.

சந்தோஷத்தில் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நர்சிங் கல்லூரிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகள் தாரிணி, போனை நீட்டினாள்.

"அம்மா, உன் எடத்துக்கு என்னைய வரச் சொல்லுது."

போன மழைக்காலத்தில் செங்கமலம் காய்ச்சலில் படுத்தபோது, எல்லோரும் செய்வதுபோல வீட்டு ஆளைப் பதிலுக்கு அனுப்பியிருந்தாள். தாரிணி தரை துடைத்ததைக் கம்பெனியின் கேமரா பார்த்திருக்கிறது.

"அவ எதுக்கும் ஒத்துக்கலையே!" என்று செங்கமலம் போனைப் பார்த்துக் கத்தினாள்.

"வந்து வேலை செய்ததே சம்மதம்தான். ஒப்பந்தத்தை மீறியவர்களைக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை."

செங்கமலம் முழங்காலைத் தடவினாள். பிறகு, "நான் விலகல. நானே வர்றேன். அவள விட்டுடு" என்றாள்.

மறுநாள் தாரிணியை ரயிலேற்றிவிட்டு, நேரே வேலைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு திறந்தது. மென்பொருளின் குரல் கேட்டது.

"வணக்கம். உங்களுக்குக் கால் வலிபோலத் தெரிகிறது. முடியாவிட்டால் கவலை வேண்டாம். பதிலுக்கு உங்கள் மகள் இருக்கிறார்."

செங்கமலம் நொண்டாமல் உள்ளே நடந்தாள்.