குளத்து வெளியில் மூன்று முழம்

“இன்னும் மூண்டு வருசம் தாங்கோ, ஐயா. பிறகு கையெழுத்து வைக்கிறன்” என்றார் மார்க்கண்டு, தன் குளத்துப் பக்க வேலியடியில் நின்றபடி.

ஊர்ச் சபை ஓவசியர் தியாகராசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று முழ நிலத்துக்கு மூன்று வருசமாம்!

கரவெட்டிப் பக்கத்தில் அந்தக் குளத்து வெளி ஒன்றுதான் மாரி மழையைத் தேக்கி வைக்கிற பள்ளம். அது நிறைந்தால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் நல்ல தண்ணீர். ஆனால் சுற்றிவர இருந்தவர்கள் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாய் முன்னே நகர்த்தி, அரக்கி அரக்கி வெளியைப் பாதியாக்கிவிட்டார்கள். போன கோடையில் பதினொரு கிணறு உவராகிவிட்டது. தியாகராசா வீட்டுக் கிணறும் அதில் ஒன்று.

குளத்தை ஆழமாக்கி, வெளியை எவரும் தொடமுடியாத பொது நிலமாக வைத்திருக்கச் சபை ஒரு திட்டம் போட்டது. அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து அதற்குக் காசு ஒதுக்குவித்தவர் தியாகராசாதான். ஒரே ஒரு நிபந்தனை. எல்லைக்காரர் ஒன்பது பேரும் வரைபடத்தில் உள்ள இடத்துக்கு வேலியை எடுப்பதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். மார்கழி முடிவதற்குள் வைக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். சண்டை மூண்டிருந்த எண்பத்தைந்தாம் ஆண்டில், திரும்பிப் போன காசு மறுபடி வரும் என்று எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்?

எட்டுப் பேர் வைத்துவிட்டார்கள். மிச்சம் மார்க்கண்டு மட்டும்.

“உவன் வைக்கமாட்டான், ஐயா” என்றார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வளவுக்காரர் பரமலிங்கம். மார்க்கண்டுவின் மேல் புகார் சொல்லிப் பெட்டிசம் எழுதிப் போட்டதே அவர்தான். “வருசா வருசம் மாரிக்கு முந்தி வேலிக் கதியாலை வெட்டி இடம் மாத்தி நடுகிறவன். என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான். எங்கடை ஊரிலை வேலி எந்தப் பக்கம் நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

பரமலிங்கமும் ஐந்து முழம் பிடித்திருந்தவர்தான். ஆனால் அது ‘தவறுதலாக’ வந்த நிலம் என்று பத்திரத்தில் எழுதுவித்துவிட்டார்!

பரமலிங்கம் மார்க்கண்டுவின் பக்கம் திரும்பினார்.

“முத்துக்குமாரு விதானையாற்றை மோனடா நீ! ஊரின்ரை எல்லைச் சண்டையெல்லாம் தீர்த்து வைச்ச மனிசன். அந்தாள் செத்து ஆறு வருசம்தான். அதுக்குள்ளை அவற்றை பேரைக் கெடுத்துப்போட்டாய்.”

மார்க்கண்டுவின் முகம் சுருங்கியது. “அப்புவை இதுக்குள்ளை இழுக்காதை, பரமலிங்கம்.”

“ஏன், சுடுதோ?” என்று கேட்டுவிட்டுப் பரமலிங்கம் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தியாகராசா பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“மார்க்கண்டண்ணை, நாளைக்கு நான் கச்சேரிக்குப் போறன். அதுக்குப் பிறகு ஆமிக்காரர் றோட்டை எப்ப பூட்டுவாங்கள் எண்டு தெரியாது. உங்கடை மூண்டு முழத்துக்காக ஊர்ப் பிள்ளையள் உப்புத்தண்ணி குடிக்கிறதோ? வெக்கமாய் இல்லையோ?”

மார்க்கண்டு கையை நீட்டினார்.

“பேனையைத் தாங்கோ. நாளைக்கே வேலியை எடுக்கிறன்.”

கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே, வேலியை அரக்கியவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இதிலை என்ரை பேரை எழுதுங்கோ, ஐயா. தவறுதல் எண்டெல்லாம் போடவேண்டாம்.”

எட்டுப் பேரில் ஒருவர்கூட இப்படிச் சொல்லவில்லை. ‘கள்ளனுக்கும் ஒரு ரோசம்’ என்று நினைத்துக்கொண்டு, கடைசியாய் ஒருமுறை அளந்துவிடலாம் என்று தியாகராசா நாடாவோடு வேலிக்கு வெளியே, குளத்துப் பக்கம் இறங்கினார்.

புல்லுக்குள் ஏதோ காலில் இடறியது. வேலிக்கு நட்டு, பிறகு வெட்டிவிட்ட பழைய கிளுவைக் கதியாலின் அடிக்கட்டை. வேலியோடு ஒத்து ஒரு வரிசையே நின்றது. ஒரு முழம் தள்ளி இன்னொரு வரிசை. பிறகும் ஒன்று. குளத்தை நோக்கி ஆறு வரிசை எண்ணினார்.

தியாகராசா நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். குளத்து நிலத்தைப் பிடித்து வேலியை வெளியே கொண்டுவந்தவன் என்றால், பழைய கட்டைகள் அவனுடைய வளவுக்குள் அல்லவா நிற்க வேண்டும்?

“அண்ணை... நீங்கள் வேலியை உள்ளுக்கெல்லோ கொண்டுபோயிருக்கிறியள்?”

மார்க்கண்டு தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மெல்லமாய்க் கதையுங்கோ, ஐயா. அப்பு வருசத்துக்கு ஒரு முழமாய் எடுத்தவர். அவர் கண் மூடின பிறகு நானும் வருசத்துக்கு ஒரு முழமாய்த் திருப்பிக் குடுத்துக்கொண்டு வாறன். ஒரேயடியாய்க் குடுத்தால் செத்த மனிசனைக் கள்ளன் எண்டுவினம். அந்தப் பேர் என்னோடை போகட்டும், எழுதுங்கோ.”