நாவலுக்கு ஒரு விசாரணைக் குழு

"இந்த நாவலில வாற விசர்ப் பீடாதிபதி நான்தான் எண்டு கம்பஸே சிரிக்குது! எழுதினவனைப் பிடிக்காமல் விடமாட்டன்!" பல்கலைக்கழகப் பீடாதிபதி இராசதுரை மேசையில் அடித்தார்.

"பகிடிக்கு எழுதினதுதானே சேர், விடுங்கோ. புனைபெயரில எழுதினவரை எங்க போய்த் தேடுறது?" என்றார் விரிவுரையாளர் சோபனா.

"விட ஏலாது! விசாரணைக் குழு போட்டே ஆகவேணும். எல்லாரும் வரவேணும்."

எல்லோரும் வந்தார்கள். துறைமுகம் தெரியும் யன்னலோரக் கதிரை யாருக்கு என்று இரண்டு பேராசிரியர்கள் முட்டிக்கொண்டார்கள். "எங்கட நூலகத்தில இல்லாத புத்தகத்தை விசாரிக்க ஏலாது" என்றார் பேராசிரியர் ஜவாஹிர். உடனே, புத்தகத்தை வாங்கலாமா என்று ஆராய ஓர் உபகுழு போட்டார்கள். உபகுழுவுக்கு யார் தலைவர் என்ற சண்டையில் கூட்டம் கலைந்தது.

பின்னேரம், இராசதுரையின் லிங்கநகர் வீட்டில், மனைவி சுகிர்தா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"கூட்டம் எப்பிடியப்பா?"

"அருமை! நாவலின்ர இரண்டாம் பாகத்துக்கு மூண்டு அத்தியாயம் தேறும்." இராசதுரை மடிக்கணினியைத் திறந்தார். "மறக்க முதல் எழுதிப்போட வேணும்."

"அந்த விசர்ப் பீடாதிபதி இதிலயும் வாறாரோ?"

"வராமல்? குழுவைப் போட்டதே அவர்தானே!"