காது வைத்த கட்டி

"கட்டிக்குக் காது இருக்குதுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லிருங்க டாக்டரம்மா."

ஞானமேரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிற்றின் மேல் பெங்களூர் ஆஸ்பத்திரியில் தந்த எண் அட்டையைப் பிடித்திருந்தாள். அவள் கணவன் வியாகுலம் வெளியே பெஞ்சில் இருந்தான். கூட வர எழுந்தவனை அவள்தான் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"காதா?" என்றார் டாக்டர் ஜானகியம்மாள்.

ஞானமேரி கோர்வையாகவே சொன்னாள். போன வருஷம் பெங்களூரில் மூளையை ஒட்டி இருந்த கட்டியை எடுத்தார்கள். அதில் ஒரு துண்டைப் பனிக்கட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பினார்கள். சில கட்டிகளில் ஒரு புரதம் காது மாதிரி இருக்கும், கர்ப்பத்தில் ஊறும் ஹார்மோன் அதற்குக் கேட்டுவிட்டால் கட்டி வளரும் என்று அங்கே ஒரு சின்ன டாக்டர் விளக்கியிருந்தார். முடிவைத் தருமபுரியில் இந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறோம் என்றும் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்ட அன்றைக்கே அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

மறு வாரமே பாப்பிரெட்டிப்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழாம் மாதம் வரை பொறுக்க முடியாதா என்று கம்பைநல்லூரில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஞானமேரி யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஜெபமாலையை மட்டும் விடாமல் சொன்னாள்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து லேப் கடிதத்தை எடுத்தார். அதில் பெயர் இல்லை. லேபில் கட்டிகளுக்கு எண் மட்டும்தான். அட்டையிலும் கடிதத்திலும் முப்பத்தேழு என்றிருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

"இருக்கும்மா. நிறையவே இருக்கு."

ஞானமேரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"இதைத் தெரிஞ்சுக்காம ஏன் உண்டானீங்க?"

"அவங்க சொல்றப்பவே உண்டாயிடுச்சுங்க. கலைக்கிறது பாவமில்லீங்களா?"

டாக்டர் பேனாவைத் திறந்தார். "தலைவலி இருக்கா?"

"ஆபரேசனுக்கு அப்புறம் தலைவலிங்கற பேச்சே இல்லீங்க."

"வாந்தி? கண்ணு மங்கறது?"

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. போன வாரம்கூட ரெண்டு கூடை மாங்கா கட்டிக்கிட்டு அரூர் வரைக்கும் சைக்கிள்தான்."

பேனா நின்றது. "இந்த நிலைமையில சைக்கிளா?"

"சொன்னா கேக்கணுமில்லீங்க."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு பயப்படும் பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சலா என்று அவருக்குப் புரியவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு பொறுமையாகவே பேசினார். காது இருப்பதாலேயே கட்டி வளர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. முழுதாக எடுத்திருந்தால் பயம் குறைவு. ஆனால் பிள்ளை பிறக்கும் வரை மாதா மாதம் வந்து காட்ட வேண்டும்.

"பொறந்துட்டா சரியாப் போயிருங்களா?"

"அந்த ஹார்மோன் குறைஞ்சிடும். அப்புறம் கவலை கொஞ்சந்தான்."

"அப்ப இன்னும் மூணு மாசம்." ஞானமேரி விரல் விட்டு எண்ணினாள். முகம் தெளிந்தது. "நாலு மாசம் இருந்தாச்சு. மூணு மாசம் இருக்க மாட்டமா?"

எதைச் சொல்கிறாள் என்று டாக்டர் யோசித்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சரி, ஆபரேஷன் தழும்பைப் பார்க்கணும். முடியை விலக்கிக் காட்டுங்க."

ஞானமேரி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். திறந்த கையோடு நாலு எட்டில் எதிர்ச்சுவர் மூலைக்குப் போய், முந்தானையால் வயிற்றை நன்றாக மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, உள்ள வாங்க. டாக்டரம்மா தலையப் பாக்கணுமாம்."

வியாகுலம் உள்ளே வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். காதுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு ஓடியது.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா," என்றான். "அவ வவுத்துல இருக்கறது என் தலைக்கு ஆவாதுன்னு நாலு மாசமா பத்தடி தள்ளி நின்னுதான் பேசறா."